எம்.ஆர்.பி.யை விலையாக நினைக்காத ஏற்காட்டுக் கடை

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கி, பக்கோடா பாயிண்ட் போகிற ரோட்டைப் பிடித்து நடந்தால், காபித் தோட்டத்து வேலி தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஓடு வேய்ந்த ஒரு மளிகைக் கடை வரும். பெயர்ப்பலகை கிடையாது. மேப்பில் தேடினாலும் வராது. வாசலில் மரப் பெஞ்ச் ஒன்று, தூணில் தொங்கும் கரும்பலகை, அதில் சாக்பீஸில் அன்றைய மிளகு, காபித்தூள் விலை, இவைதான் அடையாளம். மூன்று வருடமாக இங்கே வாங்குகிறேன். மலைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கடையைப் பற்றித் தெரிய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனது ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. கோடை விழாக் கூட்டம். அக்கா மகன் கூட வந்திருந்தான், ஒன்பதாவது படிக்கிறான். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தான், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, பன்னிரண்டாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிட்டது. மேலே இறங்கியதும் சில்லென்று ஏதாவது குடிக்க வேண்டும் என்றான். ஏரிப் பக்கம் ஒரு கடையில் 40 ரூபாய் அச்சிட்டிருந்த பாட்டிலுக்கு 50 கேட்டார்கள். கூலிங் சார்ஜாம். பையன் நிற்க முடியாமல் நிற்கும்போது சண்டை போடத் தோன்றவில்லை, கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பத்து ரூபாய் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது இந்தக் கடையில் அதே பாட்டில், அதே 40. நான் 50 ரூபாய் நீட்டினேன். கடைக்கார அக்கா 12 ரூபாய் மீதி கொடுத்தார். எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா, 40 போட்டிருக்கே, ரெண்டு ரூபா அதிகமா குடுத்துட்டீங்க" என்றேன். அவர் இன்னொருவருக்குப் பருப்பு கட்டிக்கொண்டே சொன்னார்: "அது அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு போட்டது சார். அதையேதான் வாங்கணும்னு யாரு சொன்னா? எனக்கு 38 கட்டுப்படியாவுது."

நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவன். மேல் எல்லை என்றால் என்ன என்பதை இவ்வளவு சுத்தமாக நான் வகுப்பில் சொன்னதில்லை. எம்.ஆர்.பி. என்றால் அதிகபட்ச சில்லறை விலை. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் வந்த 2011-ஆம் வருட விதிகளில் அதற்கு அதுதான் பொருள்: எல்லா வரியும் சேர்த்து இதைத் தாண்டக் கூடாது. ஆனால் நாம் எல்லோரும் அதை விலை என்றே படித்துப் பழகிவிட்டோம். கடைக்காரர் அச்சிட்டதை வாங்கினாலே நல்லவர் என்று நினைக்கிறோம், மேலே வாங்கினால் மட்டும் கோபப்படுகிறோம். கீழே ஒரு உலகம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறினால் கணக்கு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கடையில் நின்றபடி வாங்கிக்கொண்டு போகிற பாட்டிலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. கூலிங் சார்ஜ் என்று கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை, உங்களுக்காவது வரட்டும்.

அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிலைக் குடித்தபடி பையன் கேட்டான், "மாமா, அப்ப கம்பெனிக்காரன் 40க்குப் பதிலா 400னு போட்டா?" போடலாம். அதுதான் விஷயமே. பெரும்பாலான சாமான்களுக்கு அச்சிடும் எண்ணை உற்பத்தியாளரே வைக்கிறார், தாண்டாதே என்பதை மட்டும் சட்டம் பார்த்துக்கொள்கிறது. அவனுக்கு இப்படிச் சொன்னேன்: உங்கள் வகுப்பில் யாருடைய உயரமும் பத்து அடியைத் தாண்டாது என்று நான் சொன்னால் அது சத்தியமான பேச்சு. தப்பே கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதை வைத்து ஒரு டெய்லர் யூனிஃபார்ம் தைக்க முடியுமா? மேல் எல்லை சரியாக இருந்தால் மட்டும் போதாது, இறுக்கமாக இருக்க வேண்டும்.

அக்காவிடம் சாக்பீஸ் வாங்கி, கரும்பலகையின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன் (கொடுத்தார், "மிளகு வெலைய அழிச்சிராதீங்க வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார், அன்று முதல் எனக்கு வாத்தியாரே என்றுதான் பெயர்). வர்க்கம் 2-ஐத் தாண்டாத பின்னங்களை வரிசையாக எடு: 1.4, 1.41, 1.414, இப்படிப் போய்க்கொண்டே இருக்கும், கடைசி என்று ஒன்று கிடையாது. இதற்கு 100 ஒரு மேல் எல்லை. 2 ஒரு மேல் எல்லை. 1.5, 1.42, 1.415 எல்லாமே மேல் எல்லைகள்தான். எது நல்ல மேல் எல்லை? இருப்பதிலேயே சின்னது. அதைத் தேடிக்கொண்டு கீழே வந்தால் அது ரூட் 2-இல் போய் நிற்கும், பின்னங்களுக்குள் தேடினால் கிடைக்காது, அது வேறு வகை எண். இந்த இருப்பதிலேயே சின்ன மேல் எல்லை என்ற யோசனையை 1817-இல் பிராகா நகரத்துக் கணித அறிஞர் போல்சானோ ஒரு நிரூபணத்துக்காகக் கையிலெடுத்தார். கல்லூரிக்குப் போனால் பகுப்பாய்வு என்ற கணிதப் பிரிவு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. ரூட் 2 போன்றவையும் சேர்ந்த மெய்யெண்களுக்கும் வெறும் பின்னங்களுக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. அவன் ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் "அப்ப அந்தக்கா 1.42ல இல்ல, 1.415ல நிக்கிறாங்க" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லக் கூச்சப்படவில்லை.

கலங்கியதற்கு வேறு காரணமும் உண்டு. 2016 டிசம்பரில் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். பில்லில் ஸ்டென்ட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அம்மாவின் வளையல் போனது அதற்குத்தான். அச்சிட்ட விலைக்குள்தான் வாங்கினார்கள், யாரும் சட்டத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் அந்த அச்சு விலையே பத்து அடி உயரத்தில் இருந்தது. இரண்டே மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்தது: சாதா ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். செய்தித்தாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டார். தளர்ந்த மேல் எல்லைக்கும் இறுக்கமான மேல் எல்லைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு ஜோடி வளையல் இருந்தது. அதனால்தான் இந்த விஷயத்தை வெறும் கணக்காக என்னால் பேச முடியாது.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் அரசாங்கமே இறுக்கிப் பிடித்துவிடலாமே? இந்தக் கேள்விக்கும் பதில் இந்தக் கடையிலேயே இருக்கிறது, அது கடையைப் பற்றிய குறையும்கூட. இங்கே ஐஸ்கிரீம் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் ஏமாறுவது இதில்தான். ஏன் வைப்பதில்லை என்று கேட்டேன். கீழே சேலத்தில் விற்கிற அதே விலைதான் கப்பில் இருக்கிறது, மலைக்கு ஏற்றிக்கொண்டு வரும் வண்டிச் செலவு, கரண்டு போனால் உருகிப் போவது, ஃப்ரீசருக்கு ஆகும் பில், எல்லாம் சேர்த்தால் அச்சிட்ட விலைக்குள் அடங்காது என்றார். "மேல ஒரு கோடு இருக்கு, கீழ நான் வாங்குன வெல ஒரு கோடு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எடம் இருந்தாத்தான் சரக்கு வெக்க முடியும். எடம் இல்லன்னா வெக்க மாட்டேன், மேல போட்டு மட்டும் விக்க மாட்டேன்." பொருளாதாரப் பாடத்தில் விலை உச்சவரம்பு என்று ஒரு அத்தியாயம் வரும், சந்தை விலைக்குக் கீழே வரம்பு வைத்தால் தட்டுப்பாடு வரும் என்று ஒரு படம் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தை விட இது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஸ்டென்ட் விஷயத்திலேயே சில கம்பெனிகள் தங்கள் விலை கூடிய ரகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன. வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், 1960-ஆம் வருடச் சட்டப்படி நியாய வாடகை என்று ஒன்று உண்டு, ஆனால் ரசீதில் வராத முன்பணம் தனியாகப் போகும். வரம்பை எண்ணில் வைத்துவிடலாம், அழுத்தம் எங்கே போகும் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும்.

மேட்டூர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். 1934-இல் கட்டி முடித்த அணை, 120 அடி, 93.47 டி.எம்.சி. நம் ஜில்லாவில் பால் வாங்கப் போகிறவர்கூட இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்பார். 120 தொட்டதும் கொண்டாடுகிறோம், ஆனால் அந்தக் கொண்டாட்டம் 16 கண் மதகு பக்கத்தில் இருப்பதால்தான் நிம்மதியாக நடக்கிறது. வருகிற தண்ணீர் அப்படியே வெளியே போக வழி இருக்கிறது. வழி வைக்காமல் 120 என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்?

இந்தக் கடையின் மதகு வரிசைதான். சீசன் நாட்களில் தேன், ஏலக்காய், வீட்டில் அரைத்த காபித்தூள் இவற்றுக்கு ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான். விலையை ஏற்றினால் வரிசை குறையும் என்று அவருக்கும் தெரியும், ஏற்றுவதில்லை. காரில் வந்த ஒருவர் பத்து பாக்கெட் கேட்டு, கூடுதல் பணம் தருகிறேன் என்று என் முன்னாலேயே தகராறு செய்தார். "பின்னாடி நிக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார் அக்கா. கார்க்காரர் கோபத்தோடு போய்விட்டார். எனக்கு அந்த ஆள் மேலும் வருத்தம் இல்லை, அவருக்கு வீட்டில் பத்து பேர் இருக்கலாம். ஆளுக்கு இரண்டு என்ற வரம்பில் அந்தக் கஷ்டம் உண்டு, பெரிய குடும்பமும் தனி ஆளும் ஒன்றாகிவிடுவார்கள். ரேஷன் கார்டில் ஆட்களை எண்ணி அரிசி போடுவது இதனால்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன், "அது நாயந்தான்" என்றார், அடுத்த சீசனிலும் ஆளுக்கு இரண்டுதான் கொடுத்தார்.

மலைகளுக்கே இப்போது இப்படி வரம்பு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 கோடையில் வண்டிகளுக்கு எண்ணிக்கையே வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு. மே மாதம் ஏரி ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நகராமல் நின்றவன் என்ற முறையில் எனக்கு அந்த எண் நியாயமாகவே படுகிறது, பஸ்ஸில் வருகிறவனைத் தடுக்காத வரைக்கும்.

பையன் இன்னொன்றும் கேட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே எஸ்டேட்டா என்று. தமிழ்நாட்டில் உச்சவரம்பு என்ற வார்த்தையே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது நிலத்தால்தான். 1961-ஆம் வருடச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடுகிற ஏக்கர்) என்றது, 1970-இல் அதை 15 ஆக்கினார்கள். ஆனால் முன்பே இருந்த காபி, தேயிலை, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விலக்கு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்தார், அப்போது தொடங்கிய தோட்டங்கள் இவை. அடிவாரத்தில் நெல் போடுகிறவனுக்கு ஒரு கோடு, 20 வளைவு ஏறினால் கோடு இல்லை. தோட்டத்தைத் துண்டு போட்டால் பயிர் கெடும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள், அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. எனக்கு மட்டும் அது முழுதாக ஒப்பவில்லை. வரம்பைப் பார்க்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதே, யாருக்கு விலக்கு என்று அடுத்த வரியையும் படி என்று அவனிடம் சொன்னேன்.

கடைக்கு வருகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது, அதன் தகட்டில் அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம் என்று போட்டிருக்கும். 50 கிராம் கிராம்பு கேட்டால் அதில் போட மாட்டார். உள்ளே போய்த் துணியில் சுற்றிய சின்னத் தராசை எடுத்து வருவார், தட்டை ஊதித் துடைத்து, முள் நிற்கும் வரை காத்திருந்து நிறுப்பார். ஐந்து கிராம் கூடக் குறையக் காட்டுகிற தராசில் 50 கிராம் நிறுத்தால் அது பத்தில் ஒரு பங்கு பிசகு. பெரிய தராசிலேயே போடுங்கள் அக்கா, நேரமாகிறது என்று வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். நானும் ஒருமுறை முணுமுணுத்தேன். இப்போது அந்தத் தட்டை ஊதுவதைப் பார்க்கவே கிராம்பு வாங்குகிறேன்.

2025 செப்டம்பர் 22-இல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததே, அதற்கு அடுத்த ஞாயிறு போனேன். பழைய சரக்கு அப்படியே இருந்தது, பாக்கெட்டில் பழைய விலை. ஷெல்ஃப் ஓரத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, நீல மையில் புது விலை எழுதியிருந்தார். சீட்டெல்லாம் பழைய காலண்டர் தாளைக் கிழித்தது, பின்பக்கத்தில் தேதி தெரிந்தது. விற்றுத் தீர்க்கும் வரை பழைய விலைக்கே கொடுத்திருந்தால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

எப்படி இவ்வளவு குறைவாகக் கொடுக்க முடிகிறது என்றால், வாரம் ஒரு தடவை செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் மொத்தமாக எடுத்து, மேலே வருகிற காய்கறி வண்டியில் சேர்த்து ஏற்றிவிடுகிறார். மிளகும் காபியும் அக்கம்பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களிடம் நேராக. காபித்தூள் சிக்கரி கலக்காதது, கேட்டால் கலந்தும் தருவார். நான் எடுப்பது கலக்காதது, இரண்டாவது டிகாக்ஷனிலும் வாசனை நிற்கிறது. மிளகு கனமாக இருக்கும், கையில் தேய்த்தால் பொக்கு வராது. பட்டர் ஃப்ரூட் சீசனில் பழுக்காததைக் கொடுத்து, எந்தக் கிழமை வெட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். இதுவரை தப்பியதில்லை.

குறைகள்: ஐஸ்கிரீம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் போனால் பூட்டியிருக்கும். சில்லறை மீதியை ரூபாய் விடாமல் எண்ணித் தருவதால் வரிசை மெதுவாகத்தான் நகரும், பஸ் பிடிக்கிறவர்கள் அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள். நிறுத்த இடம் இல்லை, காரை ரவுண்டானா பக்கமே விட்டுவிட்டு நடப்பது நல்லது. கேரி பேக் கிடைக்காது, 2019-இல் தடை வந்தபோது நிறுத்தியவர்தான். துணிப்பை எடுத்துக்கொண்டு போங்கள், மறந்தால் பேப்பரில் கட்டி நூல் சுற்றித் தருவார், மலை இறங்கும் வரை அவிழாது.

கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பார்கள். ஐந்துக்கு ஐந்து. ஐஸ்கிரீம் இல்லாததற்குக் குறைக்கலாமா என்று யோசித்தேன், குறைக்க மனம் வரவில்லை.

புது மிளகு தை, மாசியில் வரும். பையன் இந்த முறையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பஸ்ஸில் ஜன்னல் சீட் வேண்டுமாம்.